டமாலுக்கு ஒரு டுரியான்

போன சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டமால். கட்டிலோடு சேர்த்து என்னைத் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளி இருக்கிறதே, அதுதான் கொடுமை. இரண்டாவது வருமா வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவனுக்கு என்ன தூக்கம் வரும்? இரண்டாவது வரவில்லை. வந்து தொலைத்திருந்தாலாவது கணக்குத் தீர்ந்தது என்று எழுந்துபோய்க் காப்பி கலக்கியிருப்பேன்.

ஜார்ஜ்டவுனில் வாரம் முழுக்க லோரிச் சத்தம், மோட்டார் சத்தம், எதிர்வீட்டுக் கராவோக்கே. அமைதி வேண்டித்தான் வாரக் கடைசியில் துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் குடல் புரளப் புரளப் பாலிக் பூலாவுக்குப் போகிறோம். மாமனார் விட்டுப்போன வீடு. பக்கத்தில் டுரியான் தோட்டம். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒரு சீன அங்கிள்; வயது எழுபதுக்கு மேல்; தங்கமான மனிதர். தங்கமான மனிதர்களிடம்தான் சண்டை போட முடியாது என்பது எனக்கு இந்த வீட்டோடு வந்த சீதனம்.

தோட்டத்தில் சுடுகிறவர்கள் அண்டை அயலாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்தக் கட்டுரையில் சில விதிமுறைகளைச் சொல்லப்போகிறேன். பட்டியல் போட்டுத் தயாராகவே வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு முன்னால் கூடாது என்பதில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒன்றிரண்டு விஷயம்.

அது துப்பாக்கிதானா என்பதே எனக்கு நிச்சயமில்லை. செனாப்பாங் பாத்தா என்கிற அந்த மடக்குத் துப்பாக்கியாக இருக்கலாம். குரங்கை விரட்டக் கார்பைடு போட்டு வெடிக்கும் குழாயாகவும் இருக்கலாம். நோன்பு மாதத்தில் கம்போங் பையன்கள் மூங்கிலில் கார்பைடும் தண்ணீரும் ஊற்றித் தீ காட்டுவார்களே, அதன் பெரியப்பா. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் எல்லாம் ஒரே டமால்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? இந்த நாட்டில் காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும் என்கிறது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் சேர்த்து என்கிறது 1971ஆம் ஆண்டின் சட்டம். இப்படியிருக்க, வேலியோரம் நின்று “அங்கிள், லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்பது அண்டைவீட்டுக்காரன் கேட்கிற கேள்வியா? நிச்சயம் இருக்கும், ஒழுங்கான மனிதர். இருந்தாலும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “பசியாறியாச்சா?” அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் அழுத்தமாக. காலை ஆறரைக்கே கேட்கிறேனே, ஏன் இவன் இவ்வளவு சீக்கிரம் விழித்திருக்கிறான் என்று அவருக்கு உறைக்க வேண்டாமா? “ஆச்சு அண்ணே!” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அமெரிக்காவில் கிராமத்து நிலத்தில் சுட்டுப் பழகுகிறவர்கள் குறிபலகைக்குப் பின்னால் மண்மேடு எழுப்புவார்களாம், பக்கத்து வீட்டுக்கு முதலிலேயே சொல்லிவிடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமை தேவாலய நேரத்தில் துப்பாக்கியைத் தொடமாட்டார்களாம். அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் கிடக்கிறது. இங்கே அங்கிளின் தோட்டத்துக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் நாலு வாழைமரம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சுர்யானி 8 மாதக் கர்ப்பத்தோடு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றார். துப்பாக்கிக்கு அவ்வளவு பக்கத்தில் குடியிருந்த அண்டைவீட்டார் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைக்குக்கூட வயிற்றைத் தடவி ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அதுவும் இல்லை.

பினாங்குக்காரன் சத்தத்துக்குப் பயந்தவன் இல்லை. இந்த ஊர் பிறந்ததே சத்தத்தில்தான். 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கியபோது காட்டை வெட்ட ஆள் வரவில்லையாம். பீரங்கியில் வெள்ளிக்காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசைப் பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டினார்களாம். கதையோ நிஜமோ, நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்திலிருந்து சுமந்து வருவது இதைத்தான். இதில் ஒரு நியாயம் இருக்கிறதைக் கவனியுங்கள். மனிதர் சும்மா சுடவில்லை. சத்தத்தோடு காசும் வந்தது. கோர்ன்வாலிஸ் கோட்டையில் இன்றும் கடலைப் பார்த்தபடி ஸ்ரீ ரம்பாய் பீரங்கி நிற்கிறது. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. கை மாறி கை மாறி, 1871இல் சிலாங்கூரிலிருந்து பினாங்குக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைத்த காலம் உண்டு. ஊரில் பூவும் மரியாதையும் வாங்கிய ஒரே பீரங்கி, சுடாமல் சும்மா இருக்கிற பீரங்கி. இதை அங்கிளிடம் சொல்லலாமா என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

பண்டிகைச் சத்தத்துக்கு இங்கே எழுதப்படாத முறை ஒன்று உண்டு. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு நடுச்சாமத்தில், ஹொக்கியன் மக்கள் ஜேட் பேரரசருக்குக் கரும்பு வைத்து வணங்கும்போது, சியூ ஜெட்டிப் பக்கம் வெடிக்கிற வெடியில் செத்தவன் எழுந்து உட்காருவான். நாங்கள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தீபாவளி விடியலில் எங்கள் பிள்ளைகள் வெடிக்கும்போது அவர்கள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் மூங்கில் வெடிக்கும்போது இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்ல வேண்டியது போலீஸ்தான். 1957ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று பண்டிகைக்குப் பண்டிகை நினைவூட்டுவார்கள். நாமும் பத்திரிகையில் படித்துத் தலையாட்டிவிட்டு வெடி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போவோம். ஆக, உன் வெடியை நான் பொறுக்கிறேன், என் வெடியை நீ பொறு, அவ்வளவுதான் கணக்கு. அங்கிளின் சனிக்கிழமை டமால் எந்தப் பண்டிகைக் கணக்கில் வருகிறது? தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர். வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. நான் நாரையாகப் பிறந்திருக்கலாம்.

ஆயர் ஈத்தாமில், வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் எழுந்த ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்தான் என் சித்தப்பா வெகுநாள் குடியிருந்தார். அங்கே எந்நாளும் ஒரு தோட்டாச் சத்தம் கேட்டதில்லை. மேல்மாடியில் சம்பல் இடிக்கிற உரல் சத்தம் மட்டும் கேட்கும். சித்தப்பா வாழ்நாள் முழுக்க அந்த மேல்மாடிக்காரர்களை லிஃப்டில் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் பரம்பரையில் வந்தவன் நான்.

சரி, விதிமுறைகள். இல்லை, அதற்கு முன்னால் அணில்.

இவ்வளவு அமர்க்களமும் அணிலுக்காகத்தான். இராமர் முதுகைத் தடவிக்கொடுத்த மூன்று கோட்டு அணில் என்று நினைத்து உருகிவிடாதீர்கள். இது வயிறு சிவந்த மலாயா அணில். எந்தப் பாலம் கட்டவும் போகாத அணில். பழம் மரத்தில் இருக்கும்போதே ஓட்டை போட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு மூடியை நமக்கு விட்டுவைக்கும். அணில் கடித்த பழம்தான் ருசி என்று நம் பாட்டிமார் கொய்யாவைப் பார்த்துச் சொன்னதையே அங்கிளும் டுரியானைப் பார்த்துச் சொல்கிறார். தோட்டத்திலேயே பழம் பார்க்கத் தெரிந்த ஒரே நிபுணர் அந்த அணில்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு அந்த நிபுணரைச் சுடுகிறார்.

இதையெல்லாம் ஜாடைமாடையாக அவரிடம் பேசிப் பார்த்துவிட்டேன். டுரியான் பூ ராத்திரியில் விரியும், தேன் குடிக்க வரும் வௌவால்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகும், தியோமான் தீவில் ஆராய்ந்தவர்கள் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று 2017இல் எழுதியிருக்கிறார்கள், சத்தம் போட்டால் பாவம் அதுகள் மிரளாதா என்று இழுத்தேன். “வௌவாலை நான் சுடுறதே இல்ல அண்ணே” என்றார். தெலுக் பஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் சாலைக்கு மேலே குரங்குகளுக்கு ஒரு பாலம் கட்டினார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் காருக்குப் பயப்படாமல் சொகுசாக அக்கரைக்குப் போகின்றன என்றேன். “நல்ல காரியம்” என்றார். குரங்குக்குக்கூடப் பாலம் போட்டாகிவிட்டது. நாலு வாழைமரத்தைத் தாண்டி “எட்டு மணிக்கு மேல சுடுங்க அங்கிள்” என்ற ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத்தான் வழி இல்லை.

வழி இல்லாமல் போனதற்குக் காரணம் டப்பா.

டமால் கேட்ட அன்று மதியத்துக்குள் டுரியான் வந்துவிடும். சீசன் தொடங்கிய நாள்முதல் இது தவறியதில்லை. அதுவும் முள்ளோடு முழுப்பழமாக வந்தால் வாங்கித் தரையில் வைத்துவிட்டுக் கோபத்தைத் தொடரலாம். அங்கிளின் மனைவி சுளை சுளையாக எடுத்து, பச்சை மூடி போட்ட டப்பாவில் அடுக்கி அனுப்புவார். டப்பா என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம்மவர்கள் வீட்டிலிருந்து டப்பா வெறுமையாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. என் அம்மா காலத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் ஏனம் வெளியே போகும். என் மனைவிக்கு ஒரு பிடி சர்க்கரை மானக்கேடு. முறுக்கு போனது. முறுக்கு போன டப்பாவில் ஊறவைத்த ஜாதிக்காய் வந்தது. ஜாதிக்காய்க்கு நெய் உருண்டை போனது. நெய் உருண்டைக்கு பாலிக் பூலாவ் லக்சா வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது. அவள் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டாள், லக்சாவில் மீன், குளிர்ப்பெட்டியில் டுரியானுக்குப் பக்கத்தில் அது ஒரு ராத்திரி தங்கியது. மறுநாள் அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறந்தவன் நான். அதைப் பற்றி மேலே எதுவும் சொல்ல விரும்பவில்லை.

சரக்கின் தரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வந்ததைவிடக் குறைந்து போகக்கூடாது. ரொம்பவும் கூடியும் போகக்கூடாது. கூடினால் அவர்கள் அதற்கு மேலே போவார்கள். ஒருமுறை மனைவி உற்சாகமாக மைசூர்பாகு செய்து அனுப்பிவிட்டாள். பதிலுக்கு ஆங் ஹே வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஹோர் லோர், கூன் போ என்று பினாங்குத் தோட்டங்களில் பேர்பெற்ற டுரியான்கள் எத்தனையோ உண்டு. ஆங் ஹே அதில் தனி ராஜா, சதை செவ்விறால் நிறத்தில் இருக்கும், விலையைக் கேட்டால் நமக்கு முள் குத்தும். ஆங் ஹேக்கு ஈடாக எதை அனுப்புவது? வீட்டில் மாநாடு நடந்தது. பிரியாணி என்றேன். மாட்டேன் என்றாள், பிரியாணிக்கு அவர்கள் என்ன செய்வார்கள், பாவம், வயதானவர்கள். அதாவது, விடிகாலையில் எங்களைத் தூக்கிப்போட்டவர்களுக்குச் சிரமம் வைக்கக்கூடாதாம்.

அப்புறம் மூடிகள். பச்சை மூடியும் எங்கள் வீட்டு நீல மூடியும் இடம் மாறின. நீல மூடி அங்கே போய்விட்டது; பச்சை டப்பாவுக்கு ஒத்துப்போகாத வேறு ஒரு மூடி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. ஐஸ்கிரீம் டப்பா ஒன்று வந்தது. அதைத் திருப்பித் தர வேண்டுமா வேண்டாமா என்று நான் ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். தூக்கிப்போடுகிற டப்பாதானே என்று நாம் நினைப்போம். அந்த வீட்டில் அதுதான் அரிசி அளக்கிற டப்பாவாக இருந்தால்? கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்து, உள்ளே அதிரசம் வைத்து அனுப்பினோம். கடைசியாக வந்த டப்பாவின் அடியில் கறுப்பு மார்க்கரில் சீனத்தில் ஒரு பெயர். அங்கிளின் பெயர் இல்லை. அவருடைய அக்கா பெயராம். இப்போது அணிலையே கண்ணால் பார்த்திராத ஓர் அம்மாவுக்கும் நாங்கள் முறுக்கு கடன்பட்டிருக்கிறோம்.

இந்த நிலையில் போய் எட்டு மணி என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாயில் அவருடைய டுரியான் இருக்கிறது. பிரான்சிஸ் லைட்டுக்குக் காசு செலவானது. அங்கிளுக்கு அதுவும் கிடையாது. மரத்தில் காய்ப்பதைக் கொடுத்து ஒரு குடும்பத்தையே ஊமையாக்கி வைத்திருக்கிறார். மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். நீயாவது அந்த அம்மாவிடம் பெண்களுக்குள் பேசுவதுபோல ஒரு வார்த்தை போட்டுவைக்கக்கூடாதா என்று. “வாங்கித் தின்னுட்டு அப்படியெல்லாம் பேச முடியுமாங்க?” என்றாள். பேசிவிட்டு அடுத்த டுரியானைச் சுவைத்தாள்.

இதற்கிடையில் தோட்டத்தின் மறுபக்கத்து நிலத்தை ஒருவர் வாங்கினார். கோலாலம்பூர்க்காரர். ஹோம்ஸ்டே கட்டியிருக்கிறார். வந்த புதிதில் ஒரு காலை, செருப்பைக்கூட மாற்றாமல், நேராகத் தோட்டத்துக்குள் நடந்துபோய், “அங்கிள், எட்டு மணிக்கு முன்னால சுடாதீங்க, வந்தவங்க தூங்கறாங்க” என்றாராம். அங்கிள், “ஓ, அப்படியா? சரி” என்றாராம். அவ்வளவுதான். வெறுங்கையோடு போயிருக்கிறார்! ஒரு தட்டு கிடையாது, வாழைப்பழம் கிடையாது, பசியாறியாச்சா கிடையாது. என்ன வளர்ப்பு இது? நான் மாதக்கணக்கில் அணில், வௌவால், குரங்கு என்று காட்டில் உள்ள சகல ஜீவராசிகளையும் சாட்சிக்கு இழுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போகிறார். சாயந்திரம் அவர் வீட்டுக்கு ஆங் ஹே போனதை என் கண்ணால் பார்த்தேன். முள்ளோடு. டப்பா இல்லாமல்.

போன சனிக்கிழமை மதியம் அங்கிள் வேலியோரம் வந்தார். மலாய், ஹொக்கியன், எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ் என்று மூன்றையும் கலந்துதான் பேசுவார்.

“அண்ணே, அந்தப் பக்கம் புது ஆளு, தூக்கம் கெடுதாம். அதான் காலையில உங்க பக்கம் வந்துட்டேன். உங்களுக்குப் பரவாயில்லதானே? நீங்கதான் அணில், வௌவால் எல்லாம் ஆசையா விசாரிக்கிற ஆளு.”

நான் சிரித்தேன். என்ன செய்வது, வாய் தானாகச் சிரித்தது.

“பசியாறியாச்சா அங்கிள்?”

“ஆச்சு, ஆச்சு. அந்த டப்பா இருக்கே, பேர் எழுதினது, அது அக்காவோடது இல்லையாம். அக்கா யார்கிட்டயோ வாங்கினதாம். யாருதுன்னு கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் உங்க வீட்டுலயே இருக்கட்டும்.”

உள்ளே போய்ப் பார்த்தேன். மனைவி ஏற்கெனவே அதில் முறுக்கை அடுக்கி முடித்து, மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.